கிண்ணமும் மேடையும்: பிளீற் வீதி வைன் அருந்தகங்களை முன்வைத்துச் சுவைத் திறனாய்வு பற்றிய ஒரு நோக்கு

சுவை என்னும் சொல் நாவிற்கும் நூலுக்கும் பொதுவாக வழங்குவது. உணவின் சுவையை ஆறாகவும், செய்யுளில் வெளிப்படும் மெய்ப்பாட்டை எட்டாகவும் வகுத்துக் கண்ட தமிழ் மரபில், நல்ல பாடலைச் சுவைத்தான் என்று கூறுவது வெறும் உருவகமாகத் தோன்றுவதில்லை. ஐரோப்பிய மொழிகளிலும் இதனையொத்த நிலை உண்டு. நாவின் தொழிலைக் குறித்த சொல்லே பதினெட்டாம் நூற்றாண்டிற் கலையை மதிப்பிடும் ஆற்றலின் பெயராகவும் நிலைபெற்றது. அந்நூற்றாண்டில் இவ்விடயத்தை ஆழமாக ஆராய்ந்தோருள் ஸ்கொத்லாந்து நாட்டு மெய்யியலாளர் டேவிட் ஹியூம் முதன்மையானவர். சுவையின் அளவுகோல் பற்றி 1757இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் அழகியல் மாணவர் பயிலும் அடிப்படை நூல்களுள் ஒன்றாகும்.

நுண்ணிய சுவையுணர்வு யாதென விளக்கப் புகுந்த ஹியூம், ஒரு கவிதையையோ ஓவியத்தையோ உதாரணமாகக் கொள்ளவில்லை. ஒரு பீப்பா வைனையே கொண்டார். சேர்வாந்தேசின் டொன் குயிக்சொட் நாவலிற் சாஞ்சோ பான்சா கூறும் கதை அது. சாஞ்சோவின் உறவினர் இருவர் ஒரு வைனைச் சோதித்துக் கூறுமாறு அழைக்கப்படுகின்றனர். வைன் நல்லதே, ஆயினும் சிறிது தோல் வாடை வீசுகின்றது என்கிறார் ஒருவர். நல்லதே, ஆயினும் இரும்பின் சுவை தெரிகின்றது என்கிறார் மற்றவர். கூடியிருந்தோர் இருவரையும் எள்ளி நகையாடுகின்றனர். பின்னர் பீப்பா வெறுமையானபோது அதன் அடியில் தோல்வார் கட்டிய ஒரு பழைய சாவி கிடக்கக் காணப்படுகின்றது. பிறர் உணராததை உணர்ந்த அந்நாவையே நல்ல திறனாய்வாளனின் முன்மாதிரியாக ஹியூம் காட்டினார்.

எனினும் ஹியூம் அத்துடன் அமையவில்லை. உண்மையான திறனாய்வாளனுக்கு ஐந்து தகுதிகள் வேண்டும் என்றார். தெளிந்த அறிவு, நுண்ணுணர்வு, இடையறாப் பயிற்சி, ஒப்பிட்டு நோக்கும் திறன், முற்சாய்வின்மை என்பனவே அவை. முதல் நான்கினையும் சிலர் இயற்கையாலும் முயற்சியாலும் பெற்றுவிடுகின்றனர். ஐந்தாவது அவ்வாறு எளிதிற் கைகூடுவதன்று. தன்னிடம் உள்ள முற்சாய்வு, அதனை உடையவனுக்கு முற்சாய்வாகத் தெரிவதில்லை. உலக இயற்கையாகவே தெரிகின்றது. இக்குறைபாட்டை இலக்கியத் திறனாய்விற் காட்டுவதற்கு நூல்கள் பல உள. ஆனால் ஹியூம் கொண்ட உதாரணத்தின் வழியே சென்று, வைனும் வைன் அருந்தப்படும் இடங்களும் மதிப்பிடப்பட்ட வகையினை நோக்கினால் அது மேலும் துலக்கமாகப் புலப்படும். அத்தகைய நோக்கிற்கு ஏற்ற களமாக அமைவது, இலண்டன் மாநகரில் ஸ்ராண்ட் வீதியிலிருந்து பிளீற் வீதி வரை நீளும் பகுதியாகும்.

வைன் அருந்தகம் எனும்போது தவறணையையோ இங்கிலாந்தின் பொதுவான பியர்க் கடையையோ கருதலாகாது. அது வைனையே முதன்மையாக விற்கும் இடம். அதன் பெருக்கத்திற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1860இற் பிரித்தானியாவும் பிரான்சும் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையை ஒட்டி, நிதியமைச்சராயிருந்த கிளாட்ஸ்டன் பிரெஞ்சு வைன் மீதான தீர்வையைக் குறைத்தார். அதே ஆண்டில் நிறைவேறிய சட்டமொன்று சிற்றுண்டிச் சாலைகளும் உரிமம் பெற்று வைன் விற்க வழிசெய்தது. கடுமையான சாராய வகைகளை விட்டு மக்கள் மென்மையான மதுவிற்கும் உணவிற்கும் திரும்புவர் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஆக, வைன் அருந்தகத்தின் வளர்ச்சியிலேயே மக்களின் ஒழுக்கத்தைத் திருத்தும் நோக்கம் ஒன்றும் கலந்திருந்தது எனலாம்.

இப்பகுதியின் மேற்கு எல்லையில், தேம்ஸ் நதிக்கரையை அண்டிய வில்லியேஸ் வீதியில், 1890இல் நிறுவப்பட்ட கோர்டன்ஸ் அருந்தகம் அமைந்துள்ளது. இலண்டனின் மிகப் பழைய வைன் அருந்தகம் எனப் பெயர்பெற்றது அது. ஒடுங்கிய படிகளில் இறங்கிச் சென்றால், நிமிர்ந்து நிற்பதற்குத் தயங்கவேண்டிய தாழ்ந்த வளைகூரையுடைய நிலவறைகள். மெழுகுதிரி ஒளியே பெரிதும் துணை. சுவர்களிற் பழுப்பேறிய பழைய பத்திரிகைத் தாள்கள். ஷெறி, போர்ட், மடெய்ரா ஆகியவை மேடைக்குப் பின்னால் அடுக்கிய மரப் பீப்பாக்களிலிருந்தே வார்க்கப்படும். பியரோ சாராயமோ அங்கு இல்லை. 1889 முதல் 1891 வரை கிப்ளிங் இவ்வீதியிலேதான் வசித்தார். இருளும் ஈரமும் பழைமையும் சேர்ந்து, கிண்ணத்திலுள்ள வைனை அதன் தகுதிக்கு மேலாகவே உயர்த்திக் காட்டும் ஆற்றல் இவ்விடத்திற்கு உண்டு. இடம் சுவையை ஆக்குகின்றது என்பதற்கு இதனைவிட நல்ல சான்று தேவையில்லை.

ஸ்ராண்ட் வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் பிளீற் வீதி தொடங்குகின்றது. அங்குள்ள எல் வீனோ, 1879இல் அல்பிரட் பவர் என்பவர் தொடங்கிய வைன் வணிகத்தின் வழிவந்தது. பவர் பின்னர் இலண்டன் மாநகரின் முதல்வராகவும் விளங்கினார். நிலவறையின் இருள் இங்கு இல்லை. முன்பகுதியில் நீண்ட மேடை. அதனையொட்டி நின்றவாறே அருந்துவோர் கூட்டம். பின்புறம் மேசைகளும் நாற்காலிகளும் இடப்பட்ட அறை. ஆண்கள் மேலங்கியும் கழுத்துப்பட்டியும் அணிந்தே வரவேண்டும் என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. வீதியின் ஒரு புறம் பத்திரிகை அலுவலகங்கள் இருந்தன. மறுபுறம் ரெம்பிள் எனப்படும் சட்டத்தரணிகளின் சங்கங்கள். இவ்விரு தொழிலாரும் மாலையில் ஒன்றுகூடிய இடமே எல் வீனோ. சட்டத்தரணியும் எழுத்தாளருமான ஜோன் மோர்ட்டிமரின் றம்போல் கதைகளில் வரும் பொமறோய் வைன் அருந்தகத்திற்கு மூலமாகக் கருதப்படுவதும் இதுவேயாகும்.

இவ்வீதியின் தொழில்வரலாற்றை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இங்கிலாந்தின் முதலாவது நாளிதழான டெய்லி கூரன்ற், 1702 மார்ச்சில் பிளீற் பாலத்தின் அருகே வெளியாயிற்று. அதனை வெளியிட்டவர் எலிசபெத் மலட் என்ற பெண். தாளின் அடியில் அவர் தமது முதற்பெயரை முழுமையாகப் பொறிக்கவில்லை. முதலெழுத்தை மாத்திரமே பொறித்தார். சட்டத்துறையிலோ, 1919ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்குத் தொழில்வாயிலைத் திறந்தது. 1922இல் ஐவி வில்லியம்ஸ் இன்னர் ரெம்பிள் சங்கத்தின் வழியாக இங்கிலாந்தின் முதலாவது பெண் சட்டத்தரணியாக ஏற்கப்பட்டார். பத்திரிகையும் சட்டமும் ஆகிய இரு துறைகளிலும் பெண்களுக்கு இவ்வீதியில் நீண்ட உரித்து உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

இனி, வைன் அருந்தகங்களை மதிப்பிட்டு எழுதும் எழுத்துவகையினை நோக்கலாம். நகர வழிகாட்டி நூல்களிலும் பத்திரிகைப் பத்திகளிலும் வளர்ந்த இவ்வகைக்கு ஒரு வாய்பாடு உண்டு. எழுதுபவர் ஒரு மாலைப்பொழுதில் உள்ளே செல்கின்றார். வைன் பட்டியலின் நீளத்தையும் விலையையும் குறிக்கின்றார். ஒரு கிண்ணத்தை எடுத்து, நிறம், மணம், நாவிற் படும் முதற் சுவை, விழுங்கியபின் எஞ்சும் சுவை என வரிசைப்படுத்துகின்றார். கருந்திராட்சை, ஈரமண், தேவதாரு, புகையிலை என ஒப்புமைகள் அடுக்கப்படுகின்றன. பாற்கட்டியின் தரம், நாற்காலியின் வசதி, பரிமாறுவோரின் பணிவு என்பன பற்றி ஒவ்வொரு வரி. ஈற்றிற் பரிந்துரை. இவ்வெழுத்தில் நுண்ணுணர்வு உண்டு; பயிற்சி உண்டு; ஒப்பீடும் உண்டு. பீப்பாவின் அடியிற் கிடக்கும் சாவியைக் கண்டுபிடிக்கும் நா இவர்களுக்கு வாய்த்திருந்தது என்பதை மறுத்தல் இயலாது.

ஆனால் எல் வீனோவில் அந்நா உணராத ஒன்று இருந்தது. மேடையருகே நின்று வைன் கேட்கும் உரிமை அங்கு ஆண்களுக்கு மாத்திரமே உரியதாயிருந்தது. பெண்கள் பின்னறைக்குச் சென்று மேசையில் அமர்ந்தால் அங்கு அவர்களுக்குப் பரிமாறப்படும். மேடையில் அவர்களுக்கு வார்க்கப்படமாட்டாது. வைன் ஒன்றே, விலையும் ஒன்றே, கிண்ணமும் ஒன்றே. எனவே கிண்ணத்தை மாத்திரம் சோதிக்கும் திறனாய்விற்கு இவ்விதி ஒரு குறையாகத் தோன்ற வேண்டியதில்லை. தோன்றிய இடத்தும், அது அவ்விடத்தின் தனித்தன்மையாகவும் பழங்கால மிடுக்காகவுமே எண்ணப்படும். இவ்வேளை ஒன்று மனங்கொள்ளத்தக்கது. வைன் துறையின் மிகக் கடினமான பரீட்சையாகிய மாஸ்டர் ஒவ் வைன் பரீட்சை 1953இல் தொடங்கியது; அதில் முதன்முதலாக ஒரு பெண் சித்தியெய்தியது 1970இல். வைனை மதிப்பிடும் உயர்தகுதியைப் பெண் ஒருவர் பெற்று ஒரு தசாப்தத்திற்கு மேல் கழிந்த பின்னரும், அவ்வருந்தகத்தின் மேடையில் நின்று ஒரு கிண்ணம் வைன் கேட்க எந்தப் பெண்ணாலும் இயலாதிருந்தது.

இவ்விதியைக் குறையென உணர்ந்து வெளிப்படுத்தியவர்கள் வைன் பத்தி எழுதுவோர் அல்லர். சட்டத்தரணியான ரெஸ் கில், பத்திரிகையாளரான அன்னா கூற் ஆகிய இருவரும் 1975ஆம் ஆண்டின் பால்வேறுபாட்டுச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தனர். பொதுமக்களுக்குப் பண்டங்களையும் வசதிகளையும் சேவைகளையும் வழங்குவோர் பால் அடிப்படையில் வேறுபாடு காட்டலாகாது என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 1982இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, வழக்காளிகளின் பக்கம் தீர்த்தது. அமர்ந்து அருந்துவதற்கும் நின்று அருந்துவதற்கும் உள்ள வேறுபாடு பொருட்படுத்தத்தகாத அற்ப விடயம் என்ற வாதம் ஏற்கப்படவில்லை.

அத்தீர்ப்பிற் காணப்படும் தருக்கம் திறனாய்வு மாணவர் கூர்ந்து பயிலத்தக்கது. எல் வீனோ ஏனைய அருந்தகங்களைப் போன்றதொன்றன்று என்பதை நீதியரசர் கிறிவித்ஸ் எடுத்துக்காட்டினார். பத்திரிகையாளர் கூடும் இடம் அது. அவ்வீதியின் வம்பும் வதந்தியும் செய்தியின் முதல் முளையும் அம்மேடையருகேதான் கைமாறின. பின்னறைக்கு அனுப்பப்படும் பெண் பத்திரிகையாளர் இழப்பது நிற்கும் உரிமையை மாத்திரமன்று. தமது தொழிலுக்கு வேண்டிய செவிவழிச் செய்தியையும் இழக்கின்றார். இதனை உற்றுநோக்கின், அருந்தகம் என்பது யாது என்ற வினாவிற்கு நீதிமன்றம் அளித்த விடை, பத்தி எழுத்தாளர் அளித்த விடையிலும் ஆழமானது என்பது புலனாகும். அருந்தகம் விற்பது வைன், வழங்குவதோ கூட்டுறவு. ஓர் இடத்தை மதிப்பிடுவோன் அதன் இரண்டாவது பண்டத்தை விட்டுவிடின், அவனுடைய மதிப்பீடு நிறைவுடையதாகாது. இவ்வகையில் அத்தீர்ப்பே எல் வீனோ பற்றி எழுந்த மிகச் சிறந்த விமர்சனம் எனின் மிகையாகாது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். திறனாய்வாளன் நீதிபதி அல்லன். வைனைப் பற்றி எழுதுவோனிடம் வைன் பற்றிய தீர்ப்பையே எதிர்பார்த்தல் வேண்டும். வாசலில் யார் தடுக்கப்பட்டார் என்பது வேறொருவர் தொழில் என்பர் சிலர். இலக்கிய உலகில் ‘கலை கலைக்காகவே’ என ஒலித்த குரலின் மறுவடிவமே இது. இம்மறுப்பு, நாவானது சூழலிலிருந்து விலகித் தனித்து இயங்கவல்லது என்ற நம்பிக்கையைச் சார்ந்து நிற்கின்றது. அந்நம்பிக்கைக்கு ஆதாரம் மிகக் குறைவு. 1976 மே மாதத்திற் பாரிசில், ஸ்டீவன் ஸ்பரியர் என்ற வைன் வணிகர் போத்தல்களின் பெயர்ச்சீட்டை மறைத்துச் சோதனை ஒன்றை நடத்தினார். பிரெஞ்சு வல்லுநர்களே பெரும்பான்மையாக இருந்த அவையில், வெண்வைனிலும் செவ்வைனிலும் கலிபோர்னிய வைன்களே முதலிடம் பெற்றன. சீட்டு தெரிந்தபோது பேசிய நாவும், சீட்டு மறைந்தபோது பேசிய நாவும் ஒன்றாக இருக்கவில்லை. 2001இல் வெளியான போர்தோ ஆய்வொன்று இன்னும் வியப்பிற்குரியது. மணமற்ற சாயத்தாற் சிவப்பாக்கப்பட்ட வெண்வைனை, வைன் பற்றிய கல்வி பயிலும் 54 மாணவர்கள் செவ்வைனுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர். கண் முன்னரே தீர்த்துவிட்டதை நா வழிமொழிந்தது.

இவற்றாற் பெறப்படும் முடிவு, வைன் சுவைத்தல் முழுவதும் போலி என்பதன்று. சாவியை உணர்ந்த உறவினர் இருவரும் பொய்யர் அல்லர். ஆனால் சுவைப்பவன் நிற்கும் இடமும் அவன் முன்னுள்ள காட்சியும் அவன் பெற்ற சலுகையும் அவனது சுவைக்குள்ளேயே கரைந்துவிடுகின்றன. எல் வீனோவின் மேடையருகே நின்றவன் அங்கு கண்ட நிறைவில், வைனின் பங்கு எவ்வளவு, தெரிந்தெடுக்கப்பட்ட கூட்டத்துள் ஒருவனாக நின்ற பெருமிதத்தின் பங்கு எவ்வளவு என்று அவனாலேயே பிரித்துரைக்க இயலாது. பிரான்சிய சமூகவியலாளர் பியர் பூர்டியூ 1979இல் வெளியிட்ட தமது பெருநூலில், சுவை என்பது பொருள்களை வகைப்படுத்துவதோடு சுவைப்போரையும் வகைப்படுத்துகின்றது எனக் காட்டியதை இங்கு நினைவுகூர்தல் தகும். அவர் வர்க்கம் குறித்துக் கூறியது, பால் குறித்தும் பொருந்துவதாகும்.

இரண்டாவது மறுப்பு, அவ்விதி பெண்களைப் பேணும் கண்ணியத்தின்பாற்பட்டது என்பது. நெரிசலில் இடிபடாமல் அமர்ந்து அருந்த இடமளித்தல் மரியாதையே என வாதிக்கப்படலாம். ஆயின் மரியாதை என்பது ஏற்கவும் மறுக்கவும் கூடியதாய் இருத்தல் வேண்டும். மறுக்க இயலாத மரியாதை கட்டளையாகும். மேலும், 1970களில் இலண்டனிற் பெருகிய புதிய வைன் அருந்தகங்கள், ஆண்களின் ஆதிக்கம் மிக்க பியர்க் கடைகளை விரும்பாத தொழில்புரியும் பெண்களுக்கு இசைவான இடங்களாகவே வளர்ந்தன. எனவே குறை வைன் அருந்தகம் என்ற அமைப்பிலன்று. தொழிலும் அதிகாரமும் ஒன்றுகூடிய ஓரிடத்தில், கூட்டுறவின் பயனை ஒரு சாராருக்கே உரியதாக்கிய வழக்கத்திலேயே இருந்தது.

தீர்ப்பின் பின்வரலாறு சிறிது துயரமுடையது. 1986 சனவரியில் மேடொக்கின் பத்திரிகைகள் வொப்பிங் பகுதிக்குப் பெயர்ந்தன. ஏனைய நிறுவனங்களும் ஒவ்வொன்றாக வெளியேறின. 2005இல் றொய்ட்டர் நிறுவனமும் பிளீற் வீதியை விட்டு நீங்கிற்று. எல் வீனோ 2015இல் வேறொரு வைன் வணிக நிறுவனத்தின் உடைமையாயிற்று. மேடை பெண்களுக்குத் திறக்கப்பட்ட நான்கு ஆண்டுகளுக்குள்ளேயே அம்மேடையின் சிறப்பிற்குக் காரணமான தொழில் அவ்வீதியை விட்டுப் பெயரத் தொடங்கியது. தாமதமாக வந்த நீதி, பந்தி கலையும் வேளையில் இடம்பெற்றதாயிற்று. முன்னரே வாய்திறந்திருக்கக்கூடிய எழுத்தாளர் எத்தனை பேர் அம்மேடையில் நாள்தோறும் கூடிநின்றனர் என்பதை எண்ணும்போது, திறனாய்வின் மௌனத்திற்கும் விலை உண்டு என்பது தெளிவாகும்.

இது தொலைதூர நகரொன்றின் செய்தி மாத்திரமன்று. இலங்கையில் 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தலொன்று, பெண்களுக்கு மது விற்பதையும் மது விற்கும் இடங்களிற் பெண்களைப் பணிக்கமர்த்துவதையும் தடுத்தது. 2018 சனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடைகளை நீக்கி அறிவித்தல் வெளியிட்டார். சில நாட்களுள் அதனை மீளப்பெறுமாறு சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பணித்தார். பால் அடிப்படையில் எவருக்கும் ஓரங்காட்டலாகாது என 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை கூறும் நாட்டிலே இது நிகழ்ந்தது. மதுவை ஒழித்தல் நன்று என்போர் உளர். அவர் கருத்து மதிப்பிற்குரியது. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் அத்தகைய அறிவுரையே. ஆயின் அவ்வதிகாரத்தின் அறிவுரை மாந்தர் யாவர்க்கும் பொது. ஒரு பாலாருக்குக் கதவைத் திறந்து மறுபாலாருக்கு மூடும் விதியை மதுவிலக்கு என்று கூறல் பொருந்தாது.

தமிழிலக்கியம் இவ்விடத்து ஒரு சிறந்த ஒளியைத் தருகின்றது. அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபோது ஔவையார் பாடிய புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல் (235) கள்ளிலிருந்தே தொடங்குகின்றது. கள் சிறிதளவு கிடைத்தால் அதனைப் புலவர்க்கே அளித்துவிடுவான். பெருமளவு கிடைத்தால் அவர்கள் பாட, அவனும் மகிழ்ந்து உடன் அருந்துவான் என்று அவர் நினைந்து இரங்குகின்றார். அக்கள்ளின் நிறம் யாது, மணம் எத்தகையது என்று அவர் கூறவில்லை. யாருக்குக் கொடுக்கப்பட்டது, யாருடன் அருந்தப்பட்டது என்பதையே கூறுகின்றார். கூறுபவரோ ஒரு பெண். வேந்தனின் அவையில் அவனோடு ஒப்ப அமர்ந்த புலவர். கிண்ணத்தை மாத்திரம் நோக்கும் திறனாய்வு அப்பாடலிற் குறிப்பெடுக்க எதுவும் காணாது. கிண்ணத்தைச் சூழ்ந்து நிற்பவர்களையும், நிற்க விடப்படாதவர்களையும் நோக்கும் திறனாய்வோ அப்பாடலைத் தனக்கு வழிகாட்டியாகக் கொள்ளும். நூலை மதிப்பிடினும் அருந்தகத்தை மதிப்பிடினும், ஹியூம் ஈற்றில் வைத்த ஐந்தாவது தகுதியை முதலில் வைத்து எண்ணுதலே இக்காலத் திறனாய்வாளனுக்குரிய கடன்.